ஓதம் சுவரோடு நிற்பதில்லை

ஐப்பசி, கார்த்திகை அடைமழை ஓய்ந்ததும் எனக்கு ஒரே மாதிரியான போன்கள் வர ஆரம்பித்துவிடும். மதுரையில் வீடு கட்டிக் கொடுக்கும் வேலை என்னுடையது. "சார், ஹால் சுவத்துல பெயிண்ட் பொரிஞ்சு கொட்டுது, என்ன அடிக்கலாம்?" என்பார்கள். எந்தக் கம்பெனி வாட்டர் ப்ரூஃப் நல்லது, டைல்ஸ் ஒட்டி மறைத்துவிடலாமா, பட்டியை முழுக்கச் சுரண்ட வேண்டுமா என்று விசாரிப்பார்கள். எல்லாமே சுவரைப் பற்றிய கேள்விகள். நான் முதலில் கேட்பது, "அந்த ரூம்ல யாருங்க படுக்கிறது?" என்றுதான்.

பெரும்பாலும் வருகிற பதில், தாத்தா அல்லது பாட்டி. மாடி ஏற முடியாதவர்களைத்தான் கீழ்த்தளத்து அறையில் படுக்க வைப்போம். அவர்களோடு ஒட்டிக்கொண்டு பேரப் பிள்ளைகள் படுப்பார்கள். ஆக, வீட்டிலேயே மூச்சு பலவீனமான இரண்டு தலைமுறையும் ஓதம் அடித்த அறையில் ராத்திரி முழுக்கக் கிடக்கிறது. ஓதத்தைச் சுவரின் அழகு கெட்டுப்போகிற விஷயமாக மட்டும் பார்க்கிறோமே என்ற ஆதங்கம்தான் என்னை இதை எழுத வைக்கிறது. கீழே மண்ணில் இருக்கிற ஈரம் சுவரில் ஏறுகிறது, சுவரிலிருந்து அறைக் காற்றில் கலக்கிறது, அங்கிருந்து நெஞ்சுக்குள் போகிறது.

வண்டியூர் கண்மாய்ப் பக்கம் ஒரு வீடு. ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவருடையது. "பெயிண்டை மாத்தி மாத்தி அடிச்சாச்சு தம்பி. ஒவ்வொரு கார்த்திகைக்கும் இதே பாடுதான்" என்றார். பேரனுக்கு மழைக்காலம் வந்தால் இழுப்பு வந்துவிடும். பனிதான் காரணம் என்று தலையில் குல்லா மாட்டி, ஜன்னலை எல்லாம் இறுக்கிச் சாத்தி வைத்திருந்தார்கள்.

பீரோவை இரண்டு பேர் சேர்ந்து நகர்த்தினோம். பின்னால் சுவரில் தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை கரும்பச்சைப் புள்ளிகள், அதற்கு மேலே அலை அலையாக வெள்ளை உப்புக் கோடு. பீரோவின் கால் துருப்பிடித்துத் தரையில் செம்பழுப்பு வட்டம் போட்டிருந்தது. அடித்தட்டில் இருந்த பழைய பட்டுப் புடவையை எடுத்து முகர்ந்து பார்க்கச் சொன்னேன். "இது பழசு வாடைன்னுல்ல தம்பி நெனச்சேன்" என்றார் டீச்சரம்மா. அது பூஞ்சையின் வாடை. பூஞ்சை வளரும்போது வெளியிடுகிற ஆவிகள்தான் அந்த மக்கின மணம். மூக்குக்கு வாடை வருகிறது என்றால், கண்ணுக்குத் தெரியாத பூஞ்சைத் துகள்களும் அந்தக் காற்றில் இருக்க வாய்ப்பு அதிகம்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை உண்டு. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலிதீன் ஷீட்டை வெட்டி, நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப்பால் தரையில் ஒட்டிவிட வேண்டும். குறைந்தது 16 மணி நேரம் அப்படியே விட்டுவிட்டு எடுத்துப் பார்த்தால், ஷீட்டின் அடிப்பக்கம் வேர்த்திருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ ஈரம் கீழேயிருந்து வருகிறது. மேல்பக்கம் மட்டும் வேர்த்தால் அது அறைக் காற்றின் ஈரம். மொசைக், சிமெண்ட் தரைகளில் இது நன்றாகக் காட்டிக்கொடுக்கும். பளபளக்கும் டைல்ஸ் தரையில் டைல் ஈரத்தை மறைத்துவிடும் என்பதால் சந்துகள் உள்ள இடமாகப் பார்த்து ஒட்ட வேண்டும். டீச்சரம்மா வீடு பழைய மொசைக் தரை. ஷீட்டின் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர்.

மண்ணில் இருக்கிற தண்ணீர் செங்கல்லிலும் காரையிலும் உள்ள நுண்ணிய துளைகள் வழியாக, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி மேலே ஏறும். சாதாரணமாக மூன்று அடி, சில வீடுகளில் அதற்கும் மேல். ஏறிய தண்ணீர் சுவரின் மேற்பரப்பில் ஆவியாகிக் காற்றில் கலந்துவிடும், அதில் கரைந்திருந்த உப்பு அங்கேயே தங்கிப் பூக்கும். நம் ஊரில் போர் தண்ணீர் பல ஏரியாக்களில் உப்புத்தண்ணீர். கட்டும்போதே அந்தத் தண்ணீரில் கலவை போட்டு, அதையே அடித்து க்யூரிங் செய்திருப்பார்கள். சுவரில் சேர்ந்த உப்புக்கு இன்னொரு குணம் உண்டு, மழைக்காலக் காற்றில் உள்ள ஈரத்தையும் அது தன் பக்கம் இழுக்கும். அதனால்தான் கீழேயிருந்து வரும் ஈரத்தை நிறுத்திய பிறகும் சில சுவர்கள் ஒவ்வொரு மழைக்கும் கசிகின்றன. உப்பேறிய பூச்சைக் கொத்தி எடுக்காமல் மேலே எதை அடித்தாலும் பணம்தான் விரயம்.

மதுரை வறண்ட ஊராயிற்றே, இங்கே என்ன ஓதம் என்று கேட்பவர்கள் உண்டு. சித்திரை வெயிலை வைத்துப் பார்த்தால் கேள்வி நியாயம்தான். ஆனால் இந்த ஊர் கண்மாய்களின் மேலும் கண்மாய்களின் ஓரத்திலும் வளர்ந்த ஊர். தல்லாகுளம், பீபிகுளம், மாடக்குளம், உலகனேரி என்று தெருப் பெயரிலேயே தண்ணீர் இருக்கிறது. வயலையும், ஏந்தல் என்கிற சின்னக் கண்மாயையும் ப்ளாட் போட்ட இடங்களில் நிலத்தடி நீர் மழைக்காலத்தில் பேஸ்மட்டத்தைத் தொடுகிற அளவுக்கு வந்துவிடும். அந்த இரண்டு மூன்று மாதம் போதும், பூஞ்சை வேரூன்றுவதற்கு.

என் அக்கா மகன் அமெரிக்காவில், வட கரோலினா மாநிலத்தின் ராலே நகரத்தில் இருக்கிறான். அங்கே பழைய வீடு ஒன்று வாங்கினான். அந்தப் பக்கத்து வீடுகள் பலவற்றில் தரை மண்ணின் மேல் உட்காராது. தூண்களின் மேல் மர உத்தரங்கள், அதன் மேல் பலகைத் தளம். தளத்துக்கும் மண்ணுக்கும் நடுவில் ஆள் தவழ்ந்து போகிற அளவுக்கு ஒரு இடைவெளி இருக்கும். கிரால் ஸ்பேஸ் என்பார்கள். ஏசி காற்றைக் கொண்டுபோகும் குழாய், தண்ணீர்க் குழாய் எல்லாம் அதற்குள்தான் ஓடும். போட்டோ எடுத்து அனுப்பினான். உத்தரத்தில் கறுப்புப் பூஞ்சை, வெப்பம் தடுக்க வைத்த கண்ணாடி நார் ஈரத்தில் ஊறித் தொங்குகிறது, மூலையில் தண்ணீர். "மாமா, மேல ஏசி ஓடுது, கீழ குளம் நிக்குது" என்றான்.

அந்த இடைவெளிக்குக் காற்றோட்டம் வேண்டும் என்று அங்கே நெடுங்காலமாக விதி இருக்கிறது. 150 சதுர அடித் தளத்துக்கு 1 சதுர அடி என்ற கணக்கில் சுற்றுச்சுவரில் ஜன்னல் விடுவார்கள். ஈரம் வெளியே போய்விடும் என்பது எண்ணம். குளிர்ந்த வறண்ட ஊருக்கு அது சரி. ராலே மாதிரி வெக்கையும் ஈரமுமான கோடை உள்ள ஊரில் கதை தலைகீழாகிவிடும். வெளியே 32 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்றால், அந்தக் காற்று 23 டிகிரிக்குக் கீழே உள்ள எதைத் தொட்டாலும் வேர்த்துவிடும். வீட்டுக்கு அடியில் நிழலில் கிடக்கும் மண்ணும் ஏசி குழாயும் அதைவிடக் குளிர்ச்சி. ஆக, ஈரத்தைப் போக்க வைத்த ஜன்னலே ஈரத்தைக் கொண்டு வந்து கொட்டுகிறது. இப்போது அந்த மாதிரி ஊர்களில் ஜன்னலை அடைத்து, மண் முழுக்கத் தடித்த பாலிதீன் விரித்து, அதைச் சுவர் மேல் ஏற்றி ஒட்டி, ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்றையும் வைத்துவிடுகிறார்கள். இவனும் அதைத்தான் செய்தான்.

கீழே இருக்கிற காற்று மேலே எப்படி வருகிறது என்பதற்குக் காரணம் இரண்டு. சூடான காற்று மேலேறி வீட்டின் உச்சியில் வெளியேறும்போது அந்த இடத்தை நிரப்பக் கீழேயிருந்து காற்று இழுக்கப்படும். இன்னொன்று, கீழே ஓடும் ஏசி குழாயில், அறைக் காற்றை ஏசிக்குத் திரும்பக் கொண்டுபோகும் பாதையில் ஓட்டை இருந்தால், அது அடிக்காற்றை உறிஞ்சி ஒவ்வொரு அறைக்கும் பரப்பிவிடும்.

இதையெல்லாம் மதுரைக்காரனுக்கு ஏன் சொல்கிறேன் என்றால், நம் வீடுகளுக்கும் அடியில் இப்படி ஓர் இடைவெளி தானாக உருவாகிறது. பேஸ்மட்டம் கட்டி, உள்ளே கிராவலோ செம்மண்ணோ கட்டட இடிபாடோ கொட்டி, மேலே சிமெண்ட் தளம் போடுகிறோம். அரை அடிக்கு ஒரு தடவை தண்ணீர் விட்டுத் திமிசு அடித்து இறுக்க வேண்டும். அவசர வேலையில் அது நடப்பதில்லை. ஓரிரு மழைக்காலத்தில் மண் இறங்கிவிடும், தளம் அப்படியே நிற்கும். தரையைக் கட்டைவிரல் முட்டியால் தட்டிப் பாருங்கள், சில இடத்தில் தொம் தொம் என்று கேட்கும். அடியில் காலி. அங்கே பெருச்சாளி பொந்து போடும், கரையான் குடியேறும், கசியும் குழாய்த் தண்ணீர் தேங்கும். தளம் இறங்கியிருந்தால், சுவரின் அடியில் ஒட்டியிருக்கும் பட்டையான ஸ்கர்ட்டிங்குக்கும் தரைக்கும் நடுவில் ஒரு சந்து விழுந்திருக்கும். அடிக்காற்று வருகிற வாசல் அதுதான். குழாய்கள் தரையைத் துளைத்து மேலே வருகிற இடங்களும் அப்படியே.

இழுக்கிற விசையும் நம் ஊரில் இருக்கிறது. பகல் முழுக்க வெயிலில் காய்ந்த கான்கிரீட் கூரை ராத்திரி வீட்டுக்குள் அனலை விடும். வெளியே காற்று குளிர்ந்த பிறகும் வீடு சூடாக இருக்கும். அந்தச் சூடு மாடிப்படி வழியாக ஏறி மொட்டை மாடிக் கதவில் வெளியேறும். கொசுவுக்காகக் கீழே ஜன்னலைச் சாத்தியிருந்தால், ஈடு செய்யும் காற்று எந்த ஓட்டை கிடைத்தாலும் அதன் வழியாக வரும். சமையலறைச் சிம்னியையும் பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேனையும் ஜன்னல் சாத்திய வீட்டில் ஓட்டினாலும் இதே கதைதான். சிம்னியை ஓட்டும்போது ஒரு ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லி நான் வீட்டுக்கு வீடு கெஞ்சுவதற்கு இதுதான் காரணம்.

பாத்ரூம் என்றதும் நஹாணி ட்ராப்பைச் சொல்லிவிடுகிறேன். தரையில் இருக்கும் அந்த ட்ராப்பில் இரண்டு அங்குல அளவுக்குத் தண்ணீர் நிற்கும். செப்டிக் டேங்க் வாயுவையும் கரப்பானையும் தடுத்து நிறுத்துவது அந்தத் தண்ணீர் ஒன்றுதான். விருந்தாளி அறையின் பாத்ரூமை ஒரு மாதம் புழங்காமல் விட்டால் கோடையில் அது வற்றிவிடும். அப்புறம் வீடு முழுக்க ஏதோ நாறுகிறது என்று ரூம் ஸ்ப்ரே வாங்குவார்கள். வாரம் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் போதும். கரப்பானின் கழிவும் செதிலும் ஆஸ்துமாவைத் தூண்டும் என்பது மருத்துவம் உறுதி செய்த விஷயம், ஆகவே இது நாற்றத்தோடு முடிகிற காரியம் இல்லை. செப்டிக் டேங்கின் காற்றுக் குழாயைக் கூரைக்கு மேலே தூக்கி விடாமல் படுக்கையறை ஜன்னல் உயரத்தில் நிறுத்தியிருக்கும் வீடுகளையும் பார்க்கிறேன். அழுகிய முட்டை வாடை அடிக்கும் அந்த வாயு அதிகமானால் மூக்கே மரத்துப்போய் வாடை தெரியாமல் போய்விடும். டேங்குக்குள் யாரையும் இறக்கவே கூடாது, எந்த அவசரத்துக்கும்.

ஓதத்துக்கு மதுரையில் இன்னொரு பெரிய காரணம் ரோடு. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே அடுத்தடுத்துத் தார் போட்டுப் போட்டு, தெரு வாசற்படிக்கு மேலே போய்விட்டது. மூன்று படி ஏறிப் போன வீட்டுக்கு இப்போது இரண்டு படி இறங்கிப் போகிறார்கள். பழைய சாலையைச் சுரண்டி எடுத்த பிறகுதான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு உத்தரவிட்டார். நல்ல உத்தரவு. அதற்கு முன்பே தாழ்ந்துபோன வீடுகள் தாழ்ந்தவைதான். சுவரின் எந்த உயரத்தில் ஈரத்தடுப்பு அடுக்கு வைத்தோமோ, அதற்கு மேலே தெரு வந்துவிட்டால் அந்த அடுக்கால் பயனில்லை. தண்ணீர் அதைத் தாண்டிப் பக்கவாட்டில் செங்கல்லுக்குள் நுழைந்துவிடும்.

இதனால்தான் ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்குகிறார்கள். வடக்கேயிருந்து வருகிற ஆட்கள் அஸ்திவாரத்தை ஒட்டித் தோண்டி, வரிசையாக ஜாக்கி செருகி, எல்லாரும் ஒரே நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருக, சுவரோடு வீடு மேலெழும். தரை மட்டும் கீழேயே கிடக்கும். நான் கூட இருந்து பார்த்த ஒரு வீட்டில், பழைய தரையை உடைத்தபோது அடித்த வாடையில் வேலையாட்கள் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டார்கள். அதுவோ பங்குனி மாதம், தெரு புழுதி பறக்கிறது. உள்ளே மண் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கிறது. உடைந்த டைல்ஸ், பாலிதீன் பை, மக்கிய சாக்கு. எங்கள் மேஸ்திரி கம்பியால் கிளறிவிட்டு, "இங்க பாருங்கண்ணே" என்று காட்டினார். பாத்ரூமிலிருந்து போகும் கழிவுநீர்க் குழாயின் மூட்டு விட்டுப்போய், குளிக்கிற தண்ணீர் அத்தனையும் வருஷக்கணக்காக அந்த மண்ணுக்குள்ளேயே இறங்கியிருக்கிறது. வீட்டுக்காரர் அத்தனை வருஷமும் மழையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தார். வெயில் காலத்திலும் ஓதம் காயாத சுவரைப் பார்த்தால் முதலில் குழாயைச் சந்தேகப்படுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வீட்டு ஈரத்தையும் பூஞ்சையையும் பற்றித் தனியாகவே ஒரு வழிகாட்டி வெளியிட்டது. ஈரமான வீடுகளில் வாழ்பவர்களுக்கு ஆஸ்துமா மோசமாவதும் மூச்சுத் தொந்தரவுகளும் கூடுதல் என்பதை அது தெளிவாகச் சொல்கிறது. மெத்தையில் வாழும் தூசிப் பூச்சிக்கும் ஈரப்பதம் 50 சதவீதத்துக்கு மேலே போனால் கொண்டாட்டம். ப்ளைவுட், பார்ட்டிகிள் போர்டு அலமாரிகளில் உள்ள பசையிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு வாயுவும், வெக்கையோடு ஈரம் சேர்ந்தால் அதிகமாக வெளியேறும். ஓதச் சுவரோடு ஒட்டி வார்ட்ரோப் அடிக்காதீர்கள் என்று நான் சொல்வது மரம் கெட்டுவிடும் என்பதற்காக மட்டும் இல்லை.

மண்ணிலிருந்து வருவது ஈரம் மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். பாறையிலும் மண்ணிலும் நுண்ணிய அளவில் உள்ள யுரேனியம் சிதைந்து ரேடான் என்ற கதிரியக்க வாயு உண்டாகிறது. நிறமில்லை, மணமில்லை. புகைபிடிக்காதவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வருவதற்கு முக்கியக் காரணம் இது. ஒரு கன மீட்டர் காற்றில் 100 பெக்கரலுக்குள் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) வைத்துக்கொள்ளும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தரைவிரிசலை அடைத்து, ஜன்னலைத் திறந்து வைத்தால் ஈரத்தோடு சேர்ந்து இதுவும் குறையும். கரையான் மருந்தும் இப்படி அடியிலிருந்து மேலே வரக்கூடியதுதான். டைல்ஸ் சந்தில் துளை போட்டு அடிக்கிறார்களே, அதில் அதிகம் புழங்கும் குளோர்பைரிபாஸ் மருந்தை வீடுகளில் பயன்படுத்துவதை அமெரிக்கா 2000-இல் நிறுத்த முடிவெடுத்தது, குழந்தைகளின் நரம்பு மண்டலத்தைக் கருதி. மருந்து அடித்தே தீர வேண்டும் என்றால் துளைகளை உடனே சிமெண்ட் வைத்து அடைக்கச் சொல்லுங்கள், பிள்ளைகளைச் சில நாள் பாட்டி வீட்டுக்கு அனுப்புங்கள்.

மாசி வீதிகளுக்குள் இருக்கும் பழைய வீடுகளைப் பார்க்கும்போது அந்தக் கொத்தனார்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை வரும். கருங்கல் பேஸ்மட்டம், அதில் தண்ணீர் எளிதில் ஏறாது. சுண்ணாம்புப் பூச்சு, ஏறிய ஈரத்தைச் சுவர் முழுக்க ஆவியாக விட்டுவிடும். நடுவில் முற்றம், சூடும் ஈரமும் வெளியேற வழி. அந்தச் சுவர் மேல் இன்று சிமெண்ட் பூசி, பட்டி பார்த்து, ப்ளாஸ்டிக் பெயிண்ட் அடித்து, கீழே நாலடிக்கு டைல்ஸ் ஒட்டுகிறார்கள். ஆவியாக வழியில்லாத ஈரம் டைல்ஸ் உயரத்தைத் தாண்டி மேலே ஏறுகிறது. சுண்ணாம்பு வீட்டுக்குச் சுண்ணாம்புதான் அடிக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

டீச்சரம்மா வீட்டில் செய்தது பெரிய வேலை இல்லை. வெளியே சுவரை ஒட்டியிருந்த பூச்செடிப் பாத்தியை எடுத்துவிட்டு, தண்ணீர் சுவரை விட்டு ஓடுகிற மாதிரி வாட்டம் வைத்து சிமெண்ட் தளம் போட்டோம். மாடித் தண்ணீர்க் குழாயைத் தெருக் கால்வாய்க்குத் திருப்பினோம். உள்ளே உப்பேறிய பூச்சை நாலடி உயரம் கொத்தி, செங்கல்லை அப்படியே காயவிட்டு, கோடையில் திரும்பப் பூசினோம். ஸ்கர்ட்டிங் சந்துகளை அடைத்தோம். பீரோ சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி நிற்கிறது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்றை வாங்கி மாட்டச் சொன்னேன். 60-க்கு மேலே நின்றால், வெயில் வந்ததும் ஜன்னலைத் திறந்து ஃபேனைப் போடுகிறார் டீச்சரம்மா. மழை பெய்துகொண்டிருக்கும்போது திறந்தால் ராலே கதைதான், அதையும் சொல்லியிருக்கிறேன். பையனை டாக்டரிடம் காட்டுவதை நிறுத்தக் கூடாது என்றும் சொன்னேன். வீட்டைச் சரிசெய்வது மருந்துக்கு மாற்று ஆகாது.

இப்போது வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு இதில் பாதி வேலை மிச்சம். பேஸ்மட்டத்துக்குள் கொட்டும் மண்ணில் குப்பையும் மரத்துண்டும் இல்லாமல் நின்று பாருங்கள். அடுக்கடுக்காகத் தண்ணீர் விட்டு இறுக்கச் சொல்லுங்கள். கழிவுநீர்க் குழாயை மூடுவதற்கு முன் வாயை அடைத்துத் தண்ணீர் நிரப்பி ஒரு ராத்திரி விட்டு, மட்டம் இறங்குகிறதா என்று காலையில் போய்ப் பாருங்கள். சிமெண்ட் தளம் போடுவதற்கு முன் மண்ணின் மேல் கனமான பாலிதீன் ஷீட் விரிக்கச் சொல்லுங்கள், ஒரு ஷீட்டின் மேல் அடுத்தது ஒரு அடியாவது ஏறி வர வேண்டும், சுவரோரத்தில் மேலே மடித்து விட வேண்டும். கலவைச் சட்டியோடு ஆட்கள் நடக்கும்போது கம்பி குத்தி ஷீட் கிழிந்தால், கான்கிரீட் விழுவதற்கு முன் அந்த இடத்தில் டேப் ஒட்டிவிடுங்கள்.